குடும்பத்தோடு பார்க்கும் படம்: நம் பக்கத்து ஜெமினி வாசனின் கதை



பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் மாலை நம் பூங்கா பெஞ்சில் நடந்த விவாதம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஒரு வீட்டிலிருந்து ஐந்து பேர் குடும்பத்தோடு படம் பார்க்கப் போயிருந்தார்கள். பெரிய கம்பெனி, பெரிய நடிகர், குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம் என்று ஊரெல்லாம் விளம்பரம். டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று பணம் நிறையவே கரைந்தது. பாட்டி இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டார். பேரன் இடைவேளைக்குப் பிறகு போனை எடுத்தவன் கீழே வைக்கவில்லை. நடுவில் இருந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படத்தைவிட இந்த இருவரைப் பற்றிய கவலைதான் அதிகம்.

அன்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். டிக்கெட் விலை என்றார் ஒருவர். நாலு வாரத்தில் வீட்டு டிவியிலேயே வந்துவிடுகிறதே என்றார் இன்னொருவர். நடிகர்களின் சம்பளம் என்றார் மற்றொருவர். இப்போதெல்லாம் குடும்பமே இல்லை, அப்புறம் குடும்பப் படம் எங்கிருந்து ஓடும் என்று சொல்லி ஒரு பெரியவர் விவாதத்தை முடித்து வைத்தார்.

எனக்கு அந்த முடிவு ஒப்பவில்லை. இதே கேள்வியைக் கிட்டத்தட்ட எண்பது வருடங்களுக்கு முன்பே தன் சொந்தப் பணத்தைப் பந்தயம் வைத்துக் கேட்டுப் பார்த்த மனிதர் ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்தார். அவர் பெயரையும் நாம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். தி.நகரிலிருந்து ஜி.என். செட்டி சாலை வழியாகப் போனாலும், மயிலாப்பூரிலிருந்து கதீட்ரல் சாலை வழியாகப் போனாலும் ஒரு மேம்பாலம் வருகிறதே, அரசு அதற்கு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். 1973-ல் திறந்தார்கள். ஆட்டோக்காரரிடம் நீங்களும் நானும் சொல்வதோ ஜெமினி. அந்த ஜெமினி ஸ்டுடியோவின் முதலாளி எஸ்.எஸ். வாசன். இந்த இதழில் அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம்.

எட்டு எழுத்து, இருநூறு ரூபாய்

வாசன் 1904-ல் திருத்துறைப்பூண்டியில் பிறந்தார். ஸ்ரீனிவாசன் என்ற பெயர்தான் பின்னாளில் வாசன் என்று சுருங்கியது. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். விதவைத் தாய் மகனை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்தார். இங்கே பச்சையப்பன் கல்லூரி வரை போன படிப்பு பாதியில் நின்றது. பிறகு பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்பது, தபால் மூலம் பொருள் விற்பது என்று சின்னச் சின்ன வியாபாரங்கள் செய்தார்.

இந்த விளம்பர வேலைதான் அவரை ஆனந்த விகடனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பூதூர் வைத்தியநாதையர் 1926-ல் தொடங்கிய அந்த மாத இதழ் தொடர்ந்து நடத்த முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. 1928-ல் வாசன் அதை விலைக்கு வாங்கினார். ஓர் எழுத்துக்கு 25 ரூபாய் என்று கணக்குப் போட்டு, எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து வாங்கியதாகச் சொல்வார்கள். எழுத்தை எண்ணிப் பாருங்கள், கணக்குச் சரியாக இருக்கும்.

விகடனை அவர் எப்படி வளர்த்தார் என்பதில்தான் நம் விவாதத்துக்கான முதல் பாடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு பிரதிதான் வரும். அதை வீடே வரிசையில் நின்று படிக்கும். அப்பாவுக்குத் தலையங்கமும் கட்டுரையும், அம்மாவுக்குத் தொடர்கதை, பிள்ளைகளுக்கு நகைச்சுவைத் துணுக்கும் மாலியின் படங்களும், எல்லோருக்கும் பொதுவாகக் குறுக்கெழுத்துப் போட்டி. கல்கி, தேவன் போன்றவர்கள் அங்கே எழுதினார்கள். ஒருவருக்குப் பிடித்து மற்றவர்களுக்குப் பிடிக்காமல் போனால் அடுத்த மாதம் அந்த வீட்டில் சந்தா நின்றுவிடும். ஒரு பொருளை ஐந்து பேருக்குச் சேர்த்து விற்பது எப்படி என்பதை வாசன் சினிமாவில் கற்றுக்கொள்ளவில்லை, பத்திரிகையில் கற்றுக்கொண்டார்.

குடியில் தொடங்கிய சினிமா

வாசன் எழுதிய 'சதி லீலாவதி' என்ற தொடர்கதை விகடனில் வந்தது. குடிப்பழக்கம் ஒரு குடும்பத்தை எப்படிச் சீரழிக்கிறது என்பதுதான் கதை. அதை வேறொரு கம்பெனி 1936-ல் படமாக எடுத்தது. இயக்கியவர் அமெரிக்காவிலிருந்து வந்த எல்லிஸ் ஆர். டங்கன். கதாநாயகன் எம்.கே. ராதா. சிறு வேடத்தில் ஒரு புதுமுகம் அறிமுகமானார். அவர்தான் எம்.ஜி.ஆர். ஆக, வாசன் தொட்ட முதல் சினிமாவே குடும்பப் படம்தான்.

பிறகு ஜெமினி பிக்சர் சர்க்யூட் என்ற பெயரில் படங்களை விநியோகம் செய்யத் தொடங்கினார். கே. சுப்ரமணியம் எடுத்த 'தியாக பூமி' 1939-ல் இவர் மூலம் வெளிவந்தது. கல்கி அந்தக் கதையை விகடனில் தொடராக எழுதியபோது, படத்தின் காட்சிகளையே கதைக்குப் படங்களாகப் போட்டார்கள். தன்னை விரட்டிய கணவனோடு மீண்டும் வாழ மறுக்கும் ஒரு பெண்ணின் கதை அது. வீடுகளில் எவ்வளவு விவாதம் நடந்திருக்கும் என்று யோசியுங்கள். நாட்டு விடுதலையையும் பேசியதால் ஆங்கிலேய அரசு பிறகு அதைத் தடை செய்தது.

அந்தப் படம் தயாரான ஸ்டுடியோ மவுண்ட் ரோட்டில் இருந்தது. தீ விபத்தில் சேதமடைந்து அது ஏலத்துக்கு வந்தபோது வாசன் வாங்கினார். 1941-ல் ஜெமினி ஸ்டுடியோ பிறந்தது. இரண்டு சிறுவர்கள் குழல் ஊதும் முத்திரையை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சம்பளப் பட்டியல் என்னும் சுமை

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். நம் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணம் மாதிரிதான் அது. லிஃப்டில் ஒருவர் போனாலும் நூறு பேர் போனாலும் லிஃப்ட் கம்பெனிக்கு வருட ஒப்பந்தத் தொகை கட்டியாக வேண்டும். ஊருக்குப் போயிருக்கிற வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் காவலாளி நிற்கிறார், அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்ய முடியாது.

அந்தக் காலப் பெரிய ஸ்டுடியோவும் அப்படித்தான். தச்சர், பெயின்டர், தையல்காரர், மேக்கப்காரர், எடிட்டர், வாத்தியக்காரர், கணக்கர், கார் டிரைவர் என்று எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். கதை எழுதுவதற்கென்றே ஓர் இலாகா இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே. மகாதேவன், வேப்பத்தூர் கிட்டு போன்றவர்கள் அதில் இருந்தார்கள். பின்னாளில் பெரிய எழுத்தாளராகப் பெயர் பெற்ற அசோகமித்திரனும் இளமையில் ஜெமினியில் வேலை பார்த்தவர்தான். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் பிறந்தால் இத்தனை பேருக்கும் சம்பளம் போக வேண்டும். அதனால் ஒரு படத்தின் தோல்வி என்பது முதலாளியின் கௌரவப் பிரச்சினை மட்டும் அல்ல, நூற்றுக்கணக்கான வீடுகளின் அரிசிப் பிரச்சினை.

தொடக்க வருடங்களில் 'நந்தனார்', 'மங்கம்மா சபதம்' போன்ற படங்கள் இந்தச் சுமையைத் தாங்கின. குறிப்பாக 1943-ல் வந்த 'மங்கம்மா சபதம்' பெரிய வெற்றி. அதன் பிறகு வாசன் எடுத்த இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நம் பெஞ்ச் விவாதத்தின் பாதி அங்கேயே இருக்கிறது.

நல்ல பெயர் வாங்கிய தோல்வி

முதலாவது 'மிஸ் மாலினி', 1947. ஆர்.கே. நாராயண் எழுதிய கதை. நாடக மோகம், போலிப் பிரமுகர்கள், ஊரை ஏய்த்துப் பிழைக்கும் சம்பத் என்ற ஆசாமி என்று அன்றைய சென்னையை அப்படியே கிண்டல் செய்த படம். சம்பத்தாகக் கொத்தமங்கலம் சுப்பு நடித்தார். பிற்காலத்தில் ஜெமினி கணேசன் ஆன கணேசன் இதில்தான் சிறு வேடத்தில் தலைகாட்டினார். விமர்சகர்கள் பாராட்டினார்கள். வசூல்தான் கைகொடுக்கவில்லை.

இத்தனைக்கும் அது சமகாலக் கதை, நம் ஊர்க் கதை. பிறகு ஏன் ஓடவில்லை? என் எண்ணம் இதுதான்: அந்தப் படம் படித்தவர்களைச் சிரிக்க வைத்தது. ஆனால் அவர்கள் கூட்டிவந்த அம்மாவுக்கோ, பக்கத்து பெஞ்சில் இருந்த தொழிலாளிக்கோ கவலைப்பட ஓர் ஆள் அந்தக் கதையில் இல்லை. கிண்டலை ரசிக்க விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கண் கலங்க அது தேவையில்லை. ஐந்து பேரில் இருவருக்கு மட்டும் சமைத்த விருந்து அது.

இரண்டாவது 'சந்திரலேகா', 1948. ஐந்து வருட உழைப்பு, சுமார் 30 லட்சம் ரூபாய் செலவு. அன்றைக்கு இந்தியாவில் எந்தப் படத்துக்கும் அவ்வளவு செலவானதில்லை. வாசன் சொத்துகளை அடகு வைத்தார். ராட்சத முரசுகளின் மேல் நடனம், சர்க்கஸ், கத்திச் சண்டை என்று கண்ணுக்கு விருந்து. டி.ஆர். ராஜகுமாரி கதாநாயகி, எம்.கே. ராதாவும் ரஞ்சனும் அண்ணன் தம்பியாக மோதுவார்கள். இந்த ராஜகுமாரிதான் பின்னர் பாண்டி பஜாரில் தன் பெயரிலேயே திரையரங்கு வைத்திருந்தவர். தி.நகர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படத்துக்குக் கூட்டம் வந்தது. ஆனாலும் தமிழ் வசூல் மட்டும் அந்தச் செலவை மீட்கப் போதவில்லை. ஓடிய படமே கையைக் கடித்தது. அப்போது விநியோகஸ்தர் தாராசந்த் பர்ஜாத்யாவின் யோசனைப்படி வாசன் அதை இந்தியில் கொண்டுவந்தார். கொஞ்சம் காட்சிகளை மாற்றி, சிலவற்றைப் புதிதாகச் சேர்த்து, 600-க்கும் மேற்பட்ட பிரதிகள் போட்டு, நாடு முழுக்க விளம்பரம் செய்தார். இந்தி ரசிகர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். சென்னையில் எடுத்த படம் வட இந்தியாவை வென்றது அப்படித்தான்.

செலவு ஏறும்போது பார்க்க வேண்டியவர்களின் எண்ணிக்கையும் சேர்ந்தே ஏறுகிறது என்பது வாசனுக்கு அன்று புரிந்தது. பத்து லட்சம் பேர் பார்த்தால் வெற்றி என்ற படத்தின் செலவை மூன்று மடங்காக்கினால், அதே பத்து லட்சம் பேர் பார்த்தும் அது தோல்விதான். இன்றும் நாம் கேலி பேசும் பல பெரிய படங்களை யாரும் பார்க்காமல் இல்லை. போட்ட பணத்துக்குப் போதுமான பேர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சம்சாரம்: சின்னச் செலவு, பெரிய கண்ணீர்

அவ்வளவு பிரம்மாண்டம் பார்த்த மனிதர் அடுத்து என்ன செய்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தெலுங்கில் எல்.வி. பிரசாத் இயக்கி 1950 கடைசியில் 'சம்சாரம்' என்ற படம் வந்தது. ஒரு சாதாரண குமாஸ்தா. மனைவி, குழந்தைகள். ஊரிலிருந்து வந்து சேரும் அம்மாவும் தங்கையும். வீட்டுக்குள் புகைச்சல். வறுமை, பிரிவு, பசி. அரண்மனையும் இல்லை, யானையும் இல்லை.

வாசன் அந்தக் கதையை வாங்கி 1951-ல் தமிழில் 'சம்சாரம்', இந்தியில் 'சன்சார்' என்று எடுத்தார். இரண்டிலும் எம்.கே. ராதாவும் புஷ்பவல்லியும்தான் தம்பதி. சந்திரலேகாவில் வாள் வீசிய அதே ராதா இங்கே வீட்டுச் சண்டையைத் தாங்க முடியாத சம்பளக்காரர். இரண்டு மொழியிலும் படம் நன்றாக ஓடியது. பசியால் அழும் குழந்தைகளின் பாட்டு ஒன்று அதில் உண்டு. அதை ரயில்களில் பிச்சை கேட்பவர்கள் வருடக்கணக்கில் பாடிக்கொண்டிருந்தார்கள். அதைவிடப் பெரிய விளம்பரம் எந்த ஸ்டுடியோவுக்குக் கிடைக்கும்?

மாமியார் பக்கமா மருமகள் பக்கமா என்று திரையரங்குக்குள்ளேயே குடும்பம் இரண்டாகப் பிரியும். ஆனால் கடைசியில் குழந்தைகளுக்காக இரண்டு பக்கமும் அழும். பாட்டிக்கு ஒரு நியாயம், அம்மாவுக்கு ஒரு நியாயம், நடுவில் மாட்டிக்கொண்ட அப்பாவுக்கும் ஒரு நியாயம். விகடன் பிரதியைப் பங்கு போட்டுப் படித்த அதே வீடு இந்தப் படத்தையும் பங்கு போட்டுக்கொண்டது.

ஒரே கதையை இரு மொழியில் எடுக்கும் இந்த வழியை வாசன் பிறகும் விடவில்லை. மில் தொழிலாளர் குடும்பத்தைப் பற்றி இந்தியில் 'பைகாம்' (1959), தமிழில் சிவாஜியும் வைஜயந்திமாலாவும் நடித்த 'இரும்புத் திரை' (1960). தெலுங்கு 'சாந்தி நிவாசம்' கதையை வாங்கி இந்தியில் 'கரானா' (1961) எடுத்தார். அதிகாரம் செய்யும் மாமியார், மருமகள்கள் என்று நிறைந்த கூட்டுக் குடும்பக் கதை. அந்த வருடத்து இந்திப் படங்களில் பெரிய வெற்றிகளில் ஒன்று. இந்திப் பேசும் வீட்டிலும் மாமியார் மாமியார்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

காதலே இல்லாத படமும் எடுத்தார். 1953-ல் வந்த 'ஔவையார்'. கே.பி. சுந்தராம்பாளுக்குக் கொடுத்த சம்பளத்தை ஊரே பேசியது. கதாநாயகனும் இல்லாத, மூதாட்டியே நாயகியான அந்தப் படத்துக்கு மூன்று தலைமுறையும் சேர்ந்து வந்தது. நட்சத்திரம் இல்லாமல் பெரிய படம் ஓடாது என்பவர்கள் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

கை நழுவிய காலம்

1960-களில் நிலைமை மாறத் தொடங்கியது. பீம்சிங், ஸ்ரீதர், கே.எஸ். கோபாலகிருஷ்ணன், கே. பாலசந்தர் என்று புதிய இயக்குநர்கள் குடும்பக் கதைகளில் பெயர் வாங்கினார்கள். 'பாகப்பிரிவினை', 'பாசமலர்' போன்ற படங்களுக்குச் சொந்த ஸ்டுடியோ தேவைப்படவில்லை. சின்னக் கம்பெனி, வாடகைக்கு ஒரு தளம், படத்துக்கு இவ்வளவு என்று பேசிய சம்பளம். படம் முடிந்தால் கணக்கும் முடிந்தது. ஸ்டுடியோ முதலாளிக்கோ சம்பளப் பட்டியல் மாதாமாதம் வந்துகொண்டே இருந்தது. நட்சத்திரங்களும் ஒரே ஸ்டுடியோவின் மாதச் சம்பளத்தில் கட்டுப்பட்டிருந்த காலம் போய்விட்டது.

ஜெமினி சோர்ந்து உட்காரவில்லை. 1966-ல் 'மோட்டார் சுந்தரம் பிள்ளை' வந்தது. இரண்டு குடும்பங்களை இரண்டு ஊர்களில் நடத்தும் ஒரு பெரிய மனிதராக சிவாஜி. மகளாக ஜெயலலிதா. இயக்கியவர் வாசனின் மகன் பாலசுப்ரமணியன். ஜெமினியே இந்தியில் 'கிரஹஸ்தி' என்று எடுத்த கதைதான் அது. அடுத்து கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் 'சித்தி' இந்தியில் ஜெமினியின் 'அவுரத்' ஆயிற்று. பாலசந்தரின் 'பாமா விஜயம்' 'தீன் பஹுரானியா' ஆயிற்று.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சம்சாரம் கதையையும் வாசன் வாங்கித்தான் எடுத்தார், உண்மை. ஆனால் அன்று அவரிடம் சொந்தக் கதை இலாகாவும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வருடங்களில் குடும்பத்தின் நாடித் துடிப்பைப் பிடித்தவர்கள் வெளியே இருந்தார்கள், பெரிய ஸ்டுடியோ அவர்களிடம் வாங்கி எடுத்துக்கொண்டிருந்தது. பெரிய இடத்தில் உட்கார்ந்து கொண்டு அடுத்த தெருவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது கஷ்டம்தான் போலிருக்கிறது. நம் சங்கத்துக்கும் அந்த ஆபத்து உண்டு!

1968-ல் 'ஒளிவிளக்கு'. எம்.ஜி.ஆரின் நூறாவது படம். வாசன் எழுதிய குடியைப் பற்றிய கதையில் அறிமுகமான நடிகர், தன் நூறாவது படத்தில் வாசனின் ஸ்டுடியோவிலேயே குடியை எண்ணி மனசாட்சியிடம் திட்டு வாங்கினார். வட்டம் முழுமையானது போல ஆகிவிட்டது.

மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்த வாசனுக்கு 1969-ல் பத்ம பூஷண் கிடைத்தது. அதே வருடம் ஆகஸ்ட் 26 அன்று காலமானார். ஸ்டுடியோ அவருக்குப் பிறகு நீண்ட காலம் நிலைக்கவில்லை. அந்த நிலத்தில் இன்று நட்சத்திர ஹோட்டல் இருக்கிறது, அலுவலகங்கள் இருக்கின்றன, நம்முடையதைப் போலவே அடுக்குமாடி வீடுகளும் இருக்கின்றன. முரசு நடனத்துக்கு செட் போட்ட வளாகத்தில் இன்று யாரோ பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திருக்கிறார்.

நம் பெஞ்சுக்குத் திரும்புவோம்

குடும்பமே இல்லை, குடும்பப் படம் எப்படி ஓடும் என்ற வாதத்துக்கு வருகிறேன். வாசன் போய்ப் பதினேழு வருடங்கள் கழித்து, 1986-ல், வடபழனியிலிருந்து ஏ.வி.எம். ஒரு குடும்பப் படத்தைக் கொண்டுவந்தது. விசு எழுதி இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்'. அந்தக் காலத்திலும் கூட்டுக் குடும்பம் முடிந்துவிட்டது, இனி சண்டைப் படம்தான் ஓடும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். படம் ஓடு ஓடென்று ஓடியது. நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது.

இதில் வேடிக்கை, அந்தக் கதை புதிதே அல்ல. விசுவின் 'உறவுக்குக் கை கொடுப்போம்' என்ற நாடகத்திலிருந்து வந்தது. அந்த நாடகம் 1975-லேயே ஒரு முறை படமாகி, எடுபடாமல் போயிருந்தது. இரண்டாம் முறை எடுத்தபோது, கதை மிகவும் இறுக்கமாக இருக்கிறது என்று கருதி, மனோரமா நடித்த வேலைக்காரி கண்ணம்மா பாத்திரத்தைச் சேர்த்தார்கள். அந்த வீட்டின் சண்டையை வெளியிலிருந்து பார்த்துச் சிரிக்கவும் கேள்வி கேட்கவும் ஓர் ஆள் வந்தாள். பாட்டிக்கும் பேரனுக்கும் படத்தில் ஒரு தோழி கிடைத்தாள்.

வடக்கேயும் பாருங்கள். சந்திரலேகாவை இந்திக்குக் கொண்டுபோகச் சொன்ன தாராசந்த் பர்ஜாத்யாவின் ராஜஸ்ரீ நிறுவனம்தான் 1994-ல் 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' எடுத்தது. இயக்கியவர் அவருடைய பேரன் சூரஜ். கல்யாணம், வளைகாப்பு, அண்ணி, கொழுந்தன் என்று ஒரு வீட்டையே காட்டிய அந்தப் படம் வசூலில் சாதனை படைத்தது. வீடியோ கேசட்டும் கேபிள் டிவியும் வந்து, இனி தியேட்டருக்கு யார் வருவார்கள் என்று எல்லோரும் கவலைப்பட்ட நேரம் அது.

ஆகவே குடும்பம் போய்விட்டது என்று நான் நம்பவில்லை. குடும்பம் இடம் மாறியிருக்கிறது. மகன் வெளிநாட்டில், பேத்தி வீடியோ காலில், பாட்டி மூன்றாவது மாடியில். இவர்களுக்குள்ளும் பணம் உண்டு, பாசம் உண்டு, புகைச்சலும் உண்டு. நம் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தாலே பத்துப் படத்துக்குக் கதை இருக்கிறது.

வாசனின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். ஒரு குடும்பத்தைத் திரையில் காட்டினால் மட்டும் அது குடும்பப் படம் ஆகிவிடாது. பார்க்க வந்த குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் ஆள் இருக்க வேண்டும். சம்சாரத்தில் இருந்தது, ஔவையாரில் இருந்தது, மிஸ் மாலினியில் இல்லை. பணம் அந்த ஆளை உண்டாக்காது. பணம் அதிகமானால், இன்னும் அதிகம் வீடுகளுக்கு அந்த ஆளைத் தேடித் தர வேண்டிய கடன்தான் கூடும். டிக்கெட் விலையும் சம்பளமும் டிவியும் காரணம் இல்லை என்று சொல்லவில்லை. அவை நஷ்டத்தின் அளவைக் கூட்டும். பாட்டி தூங்கியதற்கு அவை காரணம் இல்லை.

அடுத்த முறை பெரிய கம்பெனியின் குடும்பப் படம் ஒன்றுக்குப் போனால், திரையை மட்டும் பார்க்காதீர்கள். இடைவேளையில் உங்கள் வரிசையையும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். யார் சாய்ந்துவிட்டார், யார் போனை எடுத்துவிட்டார், யார் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தப் படத்தின் வசூல் கணக்கு பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

மயிலாப்பூர் காமதேனு, கபாலி, தி.நகர் ராஜகுமாரி என்று நம் பக்கத்துத் திரையரங்குகளில் வீட்டோடு போய்ப் படம் பார்த்த நினைவு உங்களிடம் இருக்கும். எந்தப் படத்துக்கு யாரோடு போனீர்கள், யார் அழுதார்கள், யார் பாதியில் எழுந்து போகலாம் என்றார்கள் என்று நாலு வரி எழுதி, சங்க அலுவலகத்தில் கொடுங்கள். வீட்டில் எண்பதைத் தாண்டியவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த காலாண்டு இதழில் சேர்த்து வெளியிடலாம்.